எக்சிமாவுக்கு விலை கூடிய ஊசி: நகையை ஈடு வைக்குமுன் அறிய வேண்டியவை



சில காலமாக லயங்களுக்கும் சிறுவர் நிலையங்களுக்கும் போகும் இடமெல்லாம் எங்களிடம் ஒரே கேள்வி கேட்கப்படுகிறது. "எக்சிமாவுக்குப் புதுசா ஒரு ஊசி வந்திருக்காமே ஐயா, அதைப் போட்டா அடியோட சுகமாயிடுமா?" என்பதே அந்தக் கேள்வி. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் சொல்லியும், கைத்தொலைபேசியில் பார்த்தும் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் சிலர் காதுத் தோட்டைக் கழற்றி ஈடு வைக்கப் பார்க்கிறார்கள். சிலர் நுண்கடன் எடுக்க யோசிக்கிறார்கள்.

பிள்ளை இரவெல்லாம் சொறிந்து, படுக்கைச் சீலையில் இரத்தம் படிந்து கிடப்பதைப் பார்க்கும் தாய் தகப்பன் எதை விற்றாவது மருந்து வாங்க நினைப்பது இயல்புதான். அதைக் குறை கூற நாங்கள் இதை எழுதவில்லை. அந்த ஊசி உண்மையான மருந்துதான். பலருக்கு நல்ல பலன் கொடுத்திருக்கிறது. ஆனால் அது எப்படிப்பட்ட மருந்து, எவ்வளவு காலம் போட வேண்டும், அதற்கு முன் என்னென்ன செய்து பார்த்திருக்க வேண்டும் என்பவற்றை அறிந்த பின்னரே கடனைப் பற்றி யோசிக்க வேண்டும். அதற்காகவே இக்கட்டுரை.

இது என்ன நோய்?

எக்சிமாவை நம் பெரியவர்கள் கரப்பான் என்பார்கள். தோல் வறண்டு, சிவந்து, தடித்து, தாங்க முடியாத அரிப்பு எடுக்கும். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கன்னத்திலும் தலையிலும் வரும். வளர்ந்தவர்களுக்கு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து, மணிக்கட்டு ஆகிய இடங்களில் வரும். கடுமையாக இருந்தால் உடம்பு முழுவதும் பரவும்.

நல்ல தோல் ஒரு சுவர் மாதிரி. உள்ளே உள்ள ஈரத்தை வெளியே விடாது; வெளியே உள்ள தூசி, கிருமி, சவர்க்காரம் ஆகியவற்றை உள்ளே விடாது. எக்சிமா உள்ளவரின் தோலில் இந்தச் சுவர் பலவீனமாக இருக்கும். சிலருக்கு இது பரம்பரையாக வருகிறது. தோலின் சுவரைக் கட்டும் ஒரு புரதத்தைப் பிறப்பிலேயே குறைவாகக் கொண்டவர்களுக்கு இந்த நோய் அதிகம் வருகிறது என்பதை 2006இல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். சுவர் ஓட்டையாக இருப்பதால் வெளியில் உள்ளவை உள்ளே போகின்றன. உடனே உடம்பின் எதிர்ப்புச் சக்தி தேவைக்கு மேல் வேலை செய்து வீக்கத்தையும் அரிப்பையும் உண்டாக்குகிறது. சொறியச் சொறிய சுவர் இன்னும் உடைகிறது. இந்த வட்டம்தான் நோய். இதே குடும்பங்களில் இளைப்பு நோயும் ஓயாத தும்மலும் இருப்பதைக் காணலாம்.

ஒன்றை உறுதியாகச் சொல்கிறோம். எக்சிமா தொற்று நோய் அல்ல. தொட்டால் வராது. ஒரே துவாயைப் பாவித்தாலும் வராது. செய்வினையும் இல்லை, பாவமும் இல்லை. எக்சிமா உள்ள பிள்ளையைச் சிறுவர் நிலையத்தில் தனியாக உட்கார வைப்பதும், "அவ கை பட்ட தேத்தண்ணி வேணாம்" என்று சொல்வதும் மிகத் தவறு.

எல்லா அரிப்பும் எக்சிமா அல்ல

ஊசியைப் பற்றிப் பேசுமுன், நோய் எக்சிமாதானா என்று உறுதி செய்ய வேண்டும். தோட்டங்களில் மூன்று நோய்களை மக்கள் எக்சிமா என்று மாறி நினைக்கிறார்கள்.

முதலாவது சொறி. இது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சியால் வருவது. இரவில் அரிப்பு கூடும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, பிள்ளைகளின் உள்ளங்கை உள்ளங்கால் ஆகிய இடங்களில் சிறு பருக்கள் இருக்கும். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே காலத்தில் அரிக்குமானால் முதலில் சொறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒரே காம்பராவில் ஒரே கம்பளியில் பலர் படுக்கும் வீடுகளில் இது சீக்கிரம் பரவும். டிஸ்பென்சரியில் கொடுக்கும் மருந்தை அரிப்பு இல்லாதவர்களும் சேர்த்து வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும். உடுப்பையும் படுக்கையையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும்.

இரண்டாவது படர்தாமரை. வட்டமாகப் பரவி, ஓரம் தடித்து, நடு தெளிந்து இருக்கும். இது பூஞ்சணத்தால் வருவது. எக்சிமாவுக்குப் பூசும் ஸ்டீரொய்ட் கிறீமை இதற்குப் பூசினால் இரண்டு நாள் குறைந்த மாதிரி தெரியும். பிறகு பெரிதாகப் பரவும்.

மூன்றாவது, வேலையால் வரும் கை எக்சிமா. மழையிலும் பனியிலும் ஈரக் கொழுந்து பறிக்கும் கைகளுக்கும், உரம் போடுபவர்களுக்கும், மருந்து அடிப்பவர்களுக்கும், ரப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இது வரும். லீவு நாட்களில் குறைந்து, வேலைக்குப் போனதும் கூடுவது இதன் அடையாளம். இதற்கு முதல் மருந்து, கையைக் காப்பதும் வேலையை மாற்றிக் கொடுப்பதும்தான்.

கடும் எக்சிமாவோடு வாழ்வது

இந்த நோய் உயிரை எடுக்காது என்பதால் பலர் இதைச் சின்ன விஷயமாக எண்ணுகிறார்கள். கடும் எக்சிமா உள்ள வீட்டைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். பிள்ளை இரவு பத்துத் தடவை எழும்பும். தாயும் எழும்ப வேண்டும். காலையில் பிரட்டுக்குப் போகும்போது அவளுக்குக் கண் திறக்காது. பேர் குறையும். பிள்ளை பாடசாலையில் தூங்கி விழும். கையெழுத்துக் கொப்பியைப் பிடிக்க விரல் மடங்காது. பெரிய பிள்ளைகள் கை நீள உடுப்பைப் போட்டு மறைப்பார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் போக மாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கலியாணப் பேச்சு வரும்போது வீட்டாருக்குத் தலைகுனிவு. மலைக்குப் போனால் வேர்வையும் படங்கு உரசுவதும் இடுப்பில் புண்ணாக்கும். ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: "சொறியாதே சொறியாதேன்னு நாள் முழுக்கக் கத்துறேன் ஐயா. அது பாவம், வேணும்னா சொறியுது?"

அந்தத் தாய் சொன்னது சரி. சொறிவது பிடிவாதம் அல்ல, நோய். அடிப்பதாலும் ஏசுவதாலும் அரிப்பு நிற்காது.

முதலில் செய்ய வேண்டியவை

கடும் நோய் என்று எங்களிடம் வருபவர்களில் பலர் சாதாரண மருந்தைக்கூட உரிய அளவில் பாவித்ததில்லை. 15 கிராம் கிறீம் டியூப் ஒன்றை மூன்று மாதம் வைத்துக்கொண்டு, "எல்லாம் பூசிப் பார்த்தாச்சு, ஒண்ணுக்கும் கேக்கல" என்கிறார்கள். ஆகவே அளவுகளைக் கவனமாகச் சொல்கிறோம்.

குளிப்பு: பீலித் தண்ணீர் குளிர் என்பதற்காகக் கொதிக்கக் கொதிக்கச் சுட வைத்து ஊற்றுவது கூடாது. சூடு அந்த நேரம் அரிப்புக்குச் சுகமாக இருக்கும். பிறகு தோல் இன்னும் வறண்டு போகும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடம் போதும். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரம், கிருமிநாசினி, எலுமிச்சம் புளி, உப்பு, மண்ணெண்ணெய் எதையும் தோலில் தேய்க்க வேண்டாம்.

பசை பூசுதல்: குளித்துத் துவாயால் ஒற்றியவுடன், தோலில் ஈரம் இருக்கும்போதே வெள்ளைப் பரஃபின் பசையையோ கிளினிக்கில் கொடுக்கும் வேறு ஈரப்பசையையோ உடம்பு முழுவதும் பூச வேண்டும். நாளுக்கு இரண்டு தடவையாவது பூச வேண்டும். உடம்பு முழுவதும் நோய் உள்ள பெரிய ஆளுக்குக் கிழமைக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சிறு டப்பா ஒன்று இரண்டு மாதம் வருகிறதென்றால் போதிய அளவு பூசவில்லை என்றே அர்த்தம். நோய் குறைந்த நாட்களிலும் பூசுவதை விடக் கூடாது. உடைந்த சுவரைப் பூசி மெழுகும் வேலை இதுதான்.

நெருப்பு பற்றி ஓர் எச்சரிக்கை: பசை ஊறிய உடுப்பும் படுக்கையும் சீக்கிரம் தீப்பிடிக்கும். விறகடுப்புக்கும் குப்பி விளக்குக்கும் பக்கத்தில் பிள்ளையை விட வேண்டாம். அடுப்பு வேலை செய்யும் தாய்மாரும் கவனமாக இருக்க வேண்டும்.

ஸ்டீரொய்ட் கிறீம்: சிவந்து அரிக்கும் இடத்துக்கு மட்டும், வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பூச வேண்டும். பெரிய ஆளின் சுட்டு விரலில் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை டியூப்பைப் பிதுக்கினால் வரும் கிறீம் ஏறக்குறைய அரைக் கிராம். இது, விரல்களையும் சேர்த்து, பெரிய ஆளின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் மெல்லிய கிறீம், உடம்புக்குச் சற்றுக் கடுமையான கிறீம் என்று வேறு வேறாகக் கொடுப்பார்கள். உடம்புக்குக் கொடுத்ததை முகத்தில் பூசக் கூடாது. பயந்து மிகக் கொஞ்சமாகப் பூசினால் நோய் நீடிக்கும். கேட்பாரில்லாமல் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து போகும். இரண்டுமே கூடாது.

உடுப்பு: கம்பளியும் நைலோனும் தோலில் நேரே படக் கூடாது. உள்ளே பழைய மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் குளிருடுப்பைப் போட வேண்டும். பிள்ளையின் நகத்தைக் கிழமைக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும். கிளினிக்கில் சிலருக்கு, பசை பூசிய பின் ஈரத்துணி சுற்றும் முறையைக் காட்டிக் கொடுப்பார்கள். அதை அவர்கள் காட்டியபடியே செய்ய வேண்டும். மலைக் குளிரில் பிள்ளை நடுங்கும்படி செய்து விடக் கூடாது.

சாப்பாடு: கரப்பான் சாப்பாடு என்று முட்டை, மீன், கருவாடு, பருப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் பிள்ளைக்கு நிறுத்தி விடுகிறார்கள். ஒரு சாப்பாட்டைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கினாலோ, உடம்பெங்கும் தடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். அப்படி எதுவும் இல்லாமல் சும்மா நிறுத்தக் கூடாது. 2016ஆம் ஆண்டு குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதையும் எடுத்தால் அது 17 பேர். இந்த நிலையில் முட்டையையும் மீனையும் காரணமில்லாமல் நிறுத்துவது பிள்ளைக்கு இரண்டாவது நோயைக் கொடுப்பதாகும்.

ஆபத்து அடையாளங்கள்: மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல் இருந்தால் கிருமி சேர்ந்திருக்கிறது. எக்சிமா உள்ள இடத்தில் திடீரெனச் சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து, குத்தி எடுத்த மாதிரிப் புண்ணாகி, வலியும் காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். கண்ணுக்கு அருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து.

அதற்கும் அடங்காதவர்களுக்கு

மேலே சொன்னவற்றை ஒழுங்காகச் செய்தும் அடங்காத நோய் உண்டு. அது நோயாளியின் குற்றம் அல்ல. கண்டி, நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்கில் இதைக் காட்ட வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியிலோ கிட்டிய ஆஸ்பத்திரியிலோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது.

அங்கே சிலருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பழைய குளிசைகளைக் கொடுப்பார்கள். மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின், அசதியோபிரின் என்பவை அவை. புதிய ஊசியோடு பார்த்தால் இவற்றின் விலை மிகக் குறைவு. கடும் எக்சிமாவில் பலருக்கு இவை போதுமானவை. ஆனால் கட்டாயம் இரத்தப் பரிசோதனை செய்து கொண்டே பாவிக்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கிழமைக்கு ஒரு நாள் மட்டுமே குடிக்க வேண்டிய மருந்து. நாளாந்தம் குடித்தால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை நாள் என்பதைக் கலண்டரில் அடையாளம் போட்டு வையுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் பிள்ளை பெற எண்ணியிருப்பவர்களும் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சாராயமும் கசிப்பும் இந்த மருந்தோடு சேர்ந்தால் ஈரல் கெடும்.

புதிய ஊசி என்ன செய்கிறது?

மக்கள் கேட்கும் ஊசியின் பெயர் டுபிலுமாப். டுபிக்ஸென்ட் என்ற பெயரில் விற்கப்படுகிறது. அமெரிக்காவில் 2017 மார்ச்சில் பெரியவர்களின் எக்சிமாவுக்கு அனுமதிக்கப்பட்டது. 2022 ஆகும்போது 6 மாதக் குழந்தை வரை அனுமதி கிடைத்தது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பகுதி மற்றப் பகுதிக்குச் செய்தி அனுப்பித்தான் வேலை நடக்கிறது. எக்சிமாவில் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் இரண்டு முக்கியமான செய்திகள் உண்டு. இந்த ஊசி அந்த இரண்டும் வந்து சேரும் கதவை அடைக்கிறது. பழைய குளிசைகள் எதிர்ப்புச் சக்தியைப் பொதுவாகவே அடக்குகின்றன. இந்த ஊசி குறிப்பிட்ட கதவை மட்டும் அடைப்பதால், அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. இது இதன் பெரிய நன்மை.

பெரியவர்களுக்கு முதல் நாள் இரண்டு ஊசி, அதன் பிறகு இரண்டு கிழமைக்கு ஓர் ஊசி. வயிற்றிலோ தொடையிலோ தோலுக்கடியில் போடப்படும். பிள்ளைகளுக்கு நிறையைப் பார்த்து அளவு மாறும்.

பலன் எவ்வளவு? 2016இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் 1,379 பெரியவர்கள் கலந்து கொண்டார்கள். இரண்டு கிழமைக்கு ஓர் ஊசி போட்டவர்களில் 100க்கு 36 முதல் 38 பேருக்கு 16 கிழமையில் தோல் முற்றாகவோ கிட்டத்தட்ட முற்றாகவோ தெளிந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் அப்படித் தெளிந்தவர்கள் 8 முதல் 10 பேர்தான். முற்றாகத் தெளியாவிட்டாலும் அரிப்புக் குறைந்து தூக்கம் கிடைத்தவர்கள் இன்னும் பலர். ஆகவே இது நல்ல மருந்து. ஆனால் போட்ட எல்லோருக்கும் முற்றாகத் தெளிவதில்லை என்பதையும் இதே கணக்குக் காட்டுகிறது.

கண் சிவந்து உறுத்துவது, ஊசி போட்ட இடம் வீங்குவது, உதட்டில் கொப்புளம் வருவது ஆகியவை இதன் பக்க விளைவுகள். நம் பகுதிக்கு முக்கியமான ஒன்று, வயிற்றுப் பூச்சி. ஊசி அடைக்கும் அதே கதவு, உடம்பு பூச்சியை எதிர்க்கவும் பயன்படும் கதவாகும். ஆகவே பூச்சி இருந்தால் அதற்கு மருந்து எடுத்துச் சுகமாக்கிய பின்னரே ஊசியைத் தொடங்க வேண்டும்.

போட்டுப் பார்த்த ஒருவரின் கதை

எங்கள் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த இளைஞர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் வேலை செய்தார். சின்ன வயது முதல் கடும் எக்சிமா. அங்கே கம்பனியின் காப்புறுதியில் இந்த ஊசி கிடைத்தது. அவர் சொன்னதை அப்படியே தருகிறோம்.

"ரெண்டாவது ஊசி போட்ட பிறகு ஒரு நாள் ராத்திரி படுத்தவன் விடியத்தான் எழும்பினேன். எனக்கே நம்ப முடியல. நாலு மாசத்துல கழுத்தும் கையும் நல்லாத் தெளிஞ்சிருச்சு. கண்ணுதான் சிவந்து உறுத்துச்சு, சொட்டு மருந்து குடுத்தாங்க. பிறகு ஒப்பந்தம் முடிஞ்சு ஊருக்கு வந்துட்டேன். ஊசிக்கு வழியில்ல. மூணு மாசத்துல மறுபடியும் பழைய மாதிரி."

அவர் வீட்டில் தாய், தங்கச்சியின் கலியாணத்துக்கென்று வைத்திருந்த சங்கிலியை ஈடு வைக்கத் தயாரானார். இளைஞர் மறுத்து விட்டார். தோல் கிளினிக்குக்குப் போனார். இப்போது கிழமைக்கு ஒரு நாள் குளிசை, நாளுக்கு இரண்டு தடவை பசை, மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். "ஊசி போட்டப்ப இருந்த அளவு இல்ல. ஆனா தூங்குறேன், வேலைக்குப் போறேன்" என்கிறார். அவர் தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறார்.

அவருடைய கதையில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஊசி வேலை செய்கிறது. ஊசியை நிறுத்தினால் பலருக்கு நோய் திரும்புகிறது. இது நோயை அடக்கி வைக்கும் மருந்தே தவிர அடியோடு எடுக்கும் மருந்து அல்ல.

செலவுக் கணக்கு

2017இல் அமெரிக்காவில் இந்த ஊசியின் பட்டியல் விலை வருடத்துக்கு 37,000 டொலர். ஒரு டொலரை 300 ரூபா என்று வைத்தால் 1 கோடியே 11 இலட்சம் ரூபா. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளமான 1,350 ரூபாப்படி பார்த்தால் இது 8,200க்கு மேற்பட்ட நாட்களின் சம்பளம். மாதம் 25 பேர் விழுந்தாலும் 27 வருட உழைப்பு. மற்ற நாடுகளில் விலை இதைவிடக் குறைவுதான். ஆனால் பாதியாகவோ கால்வாசியாகவோ குறைந்தாலும் கொழுந்துச் சம்பளத்தில் தாங்கக் கூடிய தொகை அல்ல.

முதல் 16 கிழமைக்கு 9 ஊசி தேவை. முதல் வருடம் முழுவதற்கும் 27 ஊசி. சங்கிலியை வைத்து இரண்டு ஊசி, தோட்டை வைத்து இன்னும் இரண்டு ஊசி என்று போட்டு நிறுத்தினால், நோயும் திரும்பும், நகையும் போகும், வட்டி மட்டும் மிஞ்சும்.

ஊசியைப் பிரிட்ஜில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். உறைந்து போனால் பாவிக்கக் கூடாது. வெளியே எடுத்தால் 25 பாகைக்கு உட்பட்ட சூட்டில் அதிகமாக 14 நாள்தான். பிரிட்ஜ் இல்லாத லயத்துக்கு இதை வாங்கி வந்து வைப்பது எப்படி என்பதையும் யோசிக்க வேண்டும்.

பணக்கார நாடுகள்கூட இந்த மருந்தை எண்ணிப் பார்த்துத்தான் கொடுக்கின்றன. இங்கிலாந்தின் அரசாங்க சுகாதார சேவை 2018இல் இதை ஏற்றபோது இரண்டு நிபந்தனைகளை வைத்தது. ஒன்று, மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகளில் ஒன்றையாவது எடுத்தும் பலன் கிடைக்காதவராக இருக்க வேண்டும். இரண்டு, 16 கிழமையில் போதிய பலன் தெரியாவிட்டால் நிறுத்த வேண்டும். அரசாங்கமே இப்படி யோசித்துச் செலவழிக்கும்போது, நாம் முதலில் குளிசையைப் பாவித்துப் பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல. அதுதான் முறை.

"அதே ஊசி" என்று சொன்னால் ஏமாற வேண்டாம்

சில இடங்களில் சில ஆயிரம் ரூபாவுக்கு "எக்சிமா ஊசி" போடுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அரிப்பு மறைந்து விடும். மக்கள் இதையே புதிய ஊசி என்று நம்புகிறார்கள். அப்படிக் குறைந்த காசுக்குப் போடுவது பெரும்பாலும் ஸ்டீரொய்ட் ஊசியாகவே இருக்கும். மருந்து இறங்கியதும் நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பலாம். திரும்பத் திரும்பப் போட்டால் சீனி வருத்தம், பிரஷர், எலும்பு தேய்தல், பிள்ளைகளின் வளர்ச்சி குறைதல் ஆகியவை வரும். பெயர் எழுதாத டப்பாவில் விற்கும் "மூலிகைக் களிம்பு" சிலவற்றிலும் கடும் ஸ்டீரொய்ட் கலந்திருப்பதுண்டு. எந்த ஊசியாக இருந்தாலும் பெட்டியில் உள்ள மருந்தின் பெயரைக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் போட்டுக்கொள்ள வேண்டாம்.

கடன் வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது எக்சிமாதான் என்று தோல் வைத்தியர் உறுதி செய்தாரா? வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?

2. பசையையும் கிறீமையும் உரிய அளவில், விடாமல், இரண்டு மூன்று மாதம் பூசினோமா?

3. குளிசை மருந்து ஒன்றையாவது கிளினிக்கின் கண்காணிப்பில் எடுத்துப் பார்த்தோமா?

4. ஊசி தொடங்கினால் 16 கிழமைக்கு முழுச் செலவு எவ்வளவு? பலன் தெரிந்தால் அதன் பிறகு எவ்வளவு காலம், யார் காசில்?

5. பூச்சி மருந்து எடுத்தாச்சா? கண் நோய் இருந்தால் வைத்தியரிடம் சொன்னோமா?

6. ஊசியை எங்கே வைப்பது, யார் போடுவது?

7. வெளிநாட்டில் காப்புறுதியில் போடுகிறவராக இருந்தால், ஊருக்குத் திரும்பிய பின் என்ன மருந்து என்பதை வரும் முன்பே அங்குள்ள வைத்தியரிடம் கேட்டு, கடிதம் வாங்கினோமா?

இந்த ஏழு கேள்விக்கும் பதில் கிடைத்து, வைத்தியரும் ஊசி வேண்டும் என்றால், அப்போது நாமும் கூட நின்று யோசிப்போம். வைத்தியரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போய் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி பற்றிக் கேட்கலாம். நகையை ஈடு வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.

நாம் எல்லோரும் செய்யக் கூடியவை

காசு தேவையில்லாத உதவிகளும் உண்டு. கையில் கடும் எக்சிமா உள்ள தொழிலாளிக்கு மழைக் காலத்தில் வேறு வேலை கொடுக்கும்படி வைத்தியரின் கடிதத்தோடு நிர்வாகத்திடம் கேட்கலாம். கடிதத்தை எழுதிக் கொடுக்க நாங்கள் உதவுவோம். கிளினிக் நாளை முன்கூட்டியே கங்காணியிடம் சொல்லி வையுங்கள். சிறுவர் நிலையப் பொறுப்பாளரிடம் பிள்ளையின் பசை டப்பாவைக் கொடுத்து, மத்தியானம் ஒரு தடவை பூசச் சொல்லுங்கள். ஒரு தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள் என்று தெரிந்தால், தகப்பனும் பாட்டியும் முறை வைத்து எழும்புங்கள்.

எக்சிமா சம்பந்தமாக யாருக்காவது சந்தேகம் இருந்தால் டிஸ்பென்சரி நாளில் வந்து கேளுங்கள். இதுவரை பாவித்த எல்லா டியூப்பையும், குளிசை மட்டையையும், கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். ஈடு வைத்த சீட்டோடு வருமுன் அந்தப் பையோடு வாருங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.